மூன்றாவது இடத்தில் இருந்த வீடு

2025 ஆகஸ்ட் 4, திங்கட்கிழமை, காலை மணி 6.50. வெளியே மெல்லிய தூறல். சமையலறைச் சன்னலில் நான் மாட்டி வைத்திருக்கும் வெப்பமானி இருபத்தைந்து டிகிரி காட்டியது. சரியாக விடியவில்லை. காதுக் கருவிகள் இரண்டையும் சார்ஜ் பெட்டியிலிருந்து எடுத்து, முதலில் வலது, பிறகு இடது என்று மாட்டிக்கொண்டு, கைப்பேசியில் அதற்கான செயலியைத் தட்டினேன். அது திறக்கவில்லை. வெள்ளைத் திரையில் ஆங்கிலத்தில் நான்கு வரிகள் வந்தன. இந்தக் கைப்பேசியில் இனி இந்தச் செயலி இயங்காது, இத்தனை காலம் எங்களுடன் இருந்ததற்கு நன்றி என்பது அவற்றின் சாரம். கீழே 'சரி' என்று ஒரு பொத்தான் இருந்தது. 'சரியில்லை' என்று சொல்வதற்கு எதுவும் இல்லை.

அடுப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்த என் மனைவி ஏதோ சொன்னாள். வாய் அசைந்தது தெரிந்தது. பஞ்சு மூட்டைக்குள் யாரோ முனகுவதுபோல் ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். என்ன என்றேன். மறுபடியும் சொன்னாள். மறுபடியும் என்ன என்றேன். கையை ஆட்டிவிட்டுத் தோசைக் கல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எனக்குக் காது போனது எண்ணெய் ஆலையில். செடெனாக் பக்கத்தில் ஒரு செம்பனை ஆலையில் முப்பத்தொரு வருடம் எடைமேடையில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். லாரி ஏறும், எடை எழுதுவேன். லாரி இறங்கும், காலி எடை எழுதுவேன். பின்னால் கொதிகலனும் அரவை இயந்திரமும் ஓயாமல் இரைந்துகொண்டே இருக்கும். எண்ணும் பழக்கம் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது, காது அங்கேயே தங்கிவிட்டது.

2020 ஜனவரியில்தான் கருவி வாங்கினேன். ஜோகூர் பாருவில் ஒரு கடை. இரண்டு காதுக்கும் சேர்த்து ஐயாயிரத்து நானூறு மலேசிய வெள்ளி. காதுக்குப் பின்னால் தொங்கும் வகையும் இருந்தது, அதில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை. காதுக்குள்ளேயே அடங்கிவிடும் வகையைக் கேட்டேன். ஆலயச் செயலாளரான நான் மேடையில் நிற்கும்போது காதில் வண்டு உட்கார்ந்ததுபோல் ஏதாவது தெரியக்கூடாது என்பது என் கவலை. அதில் பொத்தான் கிடையாது. எல்லாம் கைப்பேசிச் செயலி மூலம்தான்.

கருவிக்குள் நான்கு ஒலி அமைப்புகள் வைக்கலாம். கடைக்காரர் ஒரு சீனப் பெண்மணி, நாற்பது வயதிருக்கும். என்னிடம் மலாயில் பொறுமையாக விளக்கினார். வீட்டுக்கு ஒன்று, கோப்பிக் கடைக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று, தொலைக்காட்சிக்கு ஒன்று. கோயில் அமைப்பு உருமி மேளத்தின் அடியை அமுக்கும், மண்டபத்து எதிரொலியை வெட்டும். ஒலிபெருக்கியில் வரும் கனத்த குரல்களை மட்டும் உள்ளே விடும். வீட்டு அமைப்பை அவர் வேறு விதமாகச் செய்தார். என் மனைவியை எதிரில் உட்காரவைத்துப் பேசச் சொல்லி, அவள் குரலைக் கேட்டுக் கேட்டுத் திருகினார். அதற்குக் காரணம் இருந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு அவளுக்குத் தைராய்டு அறுவைச் சிகிச்சை நடந்தது. அன்றிலிருந்து அவள் குரல் மெலிந்துவிட்டது. நூல் போன்ற குரல். உரக்கப் பேசினால் தொண்டை வலிக்கும், கொஞ்ச நேரத்தில் இருமல் வந்துவிடும்.

எல்லாம் முடிந்தபின் அந்தப் பெண்மணி ஒரு கேள்வி கேட்டார். கருவியை ஒவ்வொரு முறை மாட்டும்போதும் முதல் இடத்தில் இருக்கும் அமைப்புதான் தானாக வரும், மற்றவற்றுக்குச் செயலியில் மாற்றிக்கொள்ள வேண்டும், எதை முதலில் வைக்கட்டும் என்றார். நான் யோசிக்கவே இல்லை. கோயில் என்றேன். அடுத்தது கோப்பிக் கடை. மூன்றாவது வீடு. வீட்டில் நாங்கள் இரண்டே பேர், பெரிதாக என்ன பேச்சு இருக்கப்போகிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். மனைவி பக்கத்தில்தான் இருந்தாள். கைப்பையின் சிப்பைத் திறந்தாள், மூடினாள்.

அன்று முதல் தினமும் காலையில் கருவியை மாட்டுவேன், செயலியைத் திறப்பேன், மூன்றாவது படத்தைத் தட்டுவேன், அதில் ஒரு வீட்டின் படம் இருக்கும். உடனே அடுப்பின் சீறலும் அவள் குரலும் வந்துவிடும். ஐந்து வருடம் ஏழு மாதம், ஒரு நாள் தவறியதில்லை. இரண்டாயிரம் தடவைக்கு மேல் அந்த வீட்டைத் தட்டியிருக்கிறேன். அந்தச் செயலிக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்து, நல்ல ஆங்கிலத்தில் ஆறு வரி பாராட்டும் எழுதினேன். கோயிலில் மூன்று பேரை அதே கருவி வாங்க வைத்தேன்.

முன்கூட்டியே சொல்லவில்லை என்று அவர்களைக் குறை கூறமுடியாது. சில மாதங்களாகச் செயலியைத் திறக்கும்போதெல்லாம் மஞ்சள் கட்டத்தில் ஓர் அறிவிப்பு வந்துகொண்டுதான் இருந்தது. பழைய கைப்பேசிகளுக்கான ஆதரவு 'விரைவில்' நிறுத்தப்படும் என்று இருந்தது. விரைவில் என்பது எந்தத் தேதி? ஆலையில் ஒரு லாரிக்காரன் 'விரைவில் வருகிறேன்' என்று எழுதிக் கொடுத்தால் அதை நான் எந்தக் கட்டத்தில் பதிவேன்? தேதி போட்டிருந்தால் பயந்திருப்பேன். போடாததால் தினமும் சரி, சரி என்று தட்டிக்கொண்டிருந்தேன்.

செயலி நின்றதற்கு முந்தைய நாள், ஞாயிற்றுக்கிழமை, எங்கள் அம்மன் கோயில் ஆடித் திருவிழா. மூன்று உருமிக் குழுக்கள். நாள் முழுக்கக் கோயில் அமைப்பில் இருந்தேன், இரவு அப்படியே கழற்றிப் பெட்டியில் வைத்தேன். மறுநாள் காலை அது கோயிலில்தான் கண்விழித்தது. எந்த நாளும் அப்படித்தான் விழிக்கும். வித்தியாசம் என்னவென்றால், இனி அதை வீட்டுக்குக் கூட்டிவர வழியில்லை.

நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு இரண்டு முறை அழைத்தேன். சிங்கப்பூர் எண். இரண்டு முறையும் இசை கேட்டது, அதாவது திரையில் நிமிடங்கள் ஓடியதால் இசையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு மின்னஞ்சல் எழுதினேன். நான்காம் நாள் பதில் வந்தது. எழுதியவர் ஒரு பெண். உங்களைப் போன்ற நெடுநாள் பயனர்களின் ஏமாற்றம் எங்களுக்குப் புரிகிறது, பாதுகாப்பு காரணமாகப் பழைய கைப்பேசிகளைத் தொடர முடியவில்லை, தயவுசெய்து புதிய கைப்பேசிக்கு மாறுங்கள் என்று எழுதியிருந்தார். கோபம் வந்தது, ஆனால் அந்தப் பெண்ணின் மேல் வரவில்லை. என்னைப் போல எத்தனை கிழவர்களுக்கு அன்று அதே ஐந்து வாக்கியங்களை அனுப்பினாரோ. அவர் மேசையில் அந்த முடிவு எடுக்கப்படவில்லை என்பது எனக்குத் தெரியும். நானும் மேலிடத்து முடிவுகளை எடைமேடையில் நின்று லாரிக்காரர்களிடம் சொன்னவன்தான்.

அந்த ஞாயிறு மகள் வந்தாள். ஜோகூர் பாருவில் இருந்துகொண்டு தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவள். மருமகன் பயன்படுத்தாமல் வைத்திருந்த இரண்டு வருடப் பழசான கைப்பேசி ஒன்றைக் கொண்டுவந்தாள். அதில் புதிய செயலியை இறக்கினாள். அது திறந்தது. வண்ணமெல்லாம் மாறி அழகாக இருந்தது. என் கருவியைத் தேடியது. ஒரு நிமிடம் சுற்றியது. பிறகு, இந்த வகைக் கருவி இந்தச் செயலியில் சேராது என்றது. பழைய கைப்பேசிக்குச் செயலி இல்லை. புதிய செயலிக்கு என் கருவி இல்லை. மகள் என் காதருகே வந்து, வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள்.

"போன் புதுசு கொண்டாந்துட்டேன்ப்பா. காதும் புதுசு வேணும்னு சொல்லுது லா."

என் மனைவி சிரித்தாள். தோள் குலுங்குவது தெரிந்தது. சிரிப்பு கேட்கவில்லை. அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று நினைவிலிருந்து எடுத்துப் பொருத்திப் பார்த்தேன். பொருந்தவில்லை.

புதிய கருவி ஒரு ஜோடி எண்ணாயிரத்து தொள்ளாயிரம் என்று மகள் இணையத்தில் பார்த்துச் சொன்னாள். பாதி நான் தருகிறேன் என்றாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள், வீட்டுக்கடன். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காது முன்பைவிடக் கெட்டுப்போகவில்லையே, கருவியும் கெட்டுப்போகவில்லையே, நல்ல நிலையில் இருப்பதைக் குப்பையில் போட எனக்கு மனம் வராது.

அடுத்த இரண்டு வாரத்தில் நடந்ததை எழுதுவதுதான் சிரமம். சண்டை எதுவும் இல்லை. அவள் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். மூன்று தடவை சொல்லவேண்டியதை ஒரு தடவையும் சொல்லாமல் விட்டாள். மருந்து என்றால் மாத்திரைப் பெட்டியைத் தூக்கிக் காட்டுவாள். சாப்பாடு என்றால் தட்டை வைத்துவிட்டு நாற்காலியை இழுப்பாள். பாதியில் நிறுத்திவிட்டு 'ஒண்ணுமில்ல' என்று உதட்டை அசைப்பாள். அந்த ஒரு வார்த்தையின் வாயசைவு எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை எண்ணினேன், பதினொரு ஒண்ணுமில்ல.

முன்பெல்லாம் சாயங்காலம் நெத்திலி கிள்ளிக்கொண்டே பேசுவாள். பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா கட்டியிருக்கும் கோழிக்கூண்டு, பாசாரில் மீன்காரன் எடையில் செய்யும் தில்லுமுல்லு, தங்காக்கில் இருக்கும் அவள் தங்கை எடுத்த சேலை, அந்தச் சேலையின் விலை, அந்த விலைக்கு அது தகுமா என்ற விசாரணை. நான் செய்தித்தாளைப் பார்த்தபடி உம் கொட்டிக்கொண்டிருப்பேன். இப்போது நெத்திலித் தட்டை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போய்விடுகிறாள். கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் செருகிக்கொண்டு தங்கையிடம் பேசுகிறாள். சன்னல் வழியாகப் பார்ப்பேன். கை கிள்ளும், வாய் ஓயாமல் பேசும். ஒரு நாள் நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடமும் என்னுடையது என்று எனக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை கோயிலில், என் பேச்சைக் கேட்டுக் கருவி வாங்கிய மூவரில் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். ஆலைக் காலத்திலிருந்து பழக்கம், என்னை விட இரண்டு வயது இளையவர். அவருடைய செயலியும் அதே வாரம் நின்றுபோயிருந்தது. கோபமாக இருப்பார் என்று பயந்தேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டு சாதாரணமாக இருந்தார். உங்களுக்கு ஒன்றும் சிரமமில்லையா என்று கேட்டேன். அவருடைய குரல் கனத்த குரல், கோயில் அமைப்பில் நன்றாகவே கேட்கும்.

"எனக்கு வீடுதானே முதல்ல. கோயிலுக்கு வந்தா கழட்டிச் சட்டைப் பையில போட்டுக்குவேன். அம்மனுக்கு என்கிட்ட சொல்ல என்ன இருக்கு? நீங்க எதண்ணே முதல்ல வெச்சீங்க?"

கோயில் என்றேன்.

அவர் வெற்றிலையை வாயில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டார்.

"அண்ணி கூட இருந்தாங்களா, அன்னிக்கு?"

இருந்தாள் என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பார். என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கடைக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள், அவர்களிடம் பழைய கணினி ஏதாவது இருக்கும் என்று சொல்லி எழுந்து போனார். கருவி வாங்கிய கடைக்கே போகலாம் என்பது, நிறுவனத்துக்கு எழுதிக்கொண்டும் எண்ணிக்கொண்டும் இருந்த எனக்குத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்கிழமை, இருவரும் கிளம்பினோம். டோல் இல்லாத பழைய சாலையில் ஓட்டினேன். அவள் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். முன்பு அந்தச் சாலையில் போகும்போது ஒவ்வொரு கடைப் பலகையையும் வாசித்துக்கொண்டே வருவாள், எனக்கு எரிச்சலாக இருக்கும். அன்று ஒன்றையும் வாசிக்கவில்லை. வாசித்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

அதே கடை, அதே பெண்மணி. தலையில் கொஞ்சம் நரை. என் கருவியைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அந்த மாதத்தில் இதே காரணத்துக்காக வந்தவர்களில் நான் ஒன்பதாவது ஆள் என்று தாளில் எழுதிக் காட்டினார். புதிய கருவியைக் காட்டி விற்பார் என்று எதிர்பார்த்து, அதற்குச் சொல்லவேண்டிய மறுப்பைக் காரிலேயே தயார் செய்து வைத்திருந்தேன். அவர் உள்ளே போய் ஒரு பழைய மடிக்கணினியைத் தூக்கி வந்தார். மூடியில் கீறல். கடையின் புதிய கணினியில் என் கருவிக்கான மென்பொருள் ஏறாதாம். இந்தப் பழையதில் இருக்கிறது. ஆனால் இதை இணையத்தில் இணைத்தால், இதிலும் மென்பொருள் தானாகவே மாறிவிடும் என்பதால், இரண்டு வருடமாக எதிலும் இணைக்காமல் அலமாரியில் வைத்திருக்கிறாராம். திரையில் தேதி தப்பாக இருந்தது. அதைத் திருத்தவும் அவருக்குப் பயம்.

கருவிகளைக் கழற்றிக் கொடுத்தேன். அவற்றைக் கம்பியில் மாட்டினார். இப்போது எனக்கு ஒன்றுமே கேட்காது. திரையில் நான்கு வரிகள் வந்தன. ஐந்து வருடம் முன்பு அவர் அடித்த எழுத்துகள் அப்படியே இருந்தன. ஒன்று கோயில், இரண்டு கோப்பிக் கடை, மூன்று வீடு, நான்கு தொலைக்காட்சி. அவர் தாளில் மலாயில் எழுதினார். செயலி இல்லாததால், முதலில் வைப்பது மட்டும்தான் உங்களுக்குக் கிடைக்கும். மற்ற மூன்றும் உள்ளே இருக்கும், ஆனால் தொடமுடியாது. இந்த மடிக்கணினி இன்னும் எத்தனை நாள் ஓடும் என்று தெரியாது. எது முதலில், அங்கிள்?

பாதி கோயில், பாதி வீடு என்று கலந்து வைக்கமுடியுமா என்று கேட்டேன். முடியும், இரண்டும் கேட்காது என்று எழுதினார்.

கோயிலை எடுத்துவிட்டால் நிர்வாகக் கூட்டத்தில் என்னால் உட்காரமுடியாது. அந்தத் தகர மண்டபத்தில் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், வீட்டு அமைப்பில் அது கல்லை உருட்டுவதுபோல் விழும். செயலாளர் பொறுப்பு பதினான்கு வருடமாக என்னிடம் இருக்கிறது. அதை விட்டால் என்னை யாராவது தேடி வருவார்களா என்ற பயம் எனக்கு உண்டு. தாளை இழுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். விழித்திருக்கும் நேரம் வாரத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு மணி. கோயில் ஏழு. பாசார், கோப்பிக் கடை, மற்ற வெளிவேலை இருபது. வீடு எண்பத்தைந்து. எதை எதையோ எண்ணிய நான், இதை மட்டும் அன்றுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே என் மனைவி அந்தப் பெண்மணியிடம் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. அந்தப் பெண்மணி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார். நான் விரலைத் திரையில் மூன்றாவது வரியில் வைத்தேன். வீடு என்றேன். எவ்வளவு உரக்கச் சொன்னேனோ, வாசலில் காத்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு அவர் என் மனைவியை எதிரில் உட்காரவைத்தார். பேசச் சொல்லிக் கையால் காட்டினார். ஐந்து வருடத்தில் அவள் குரல் இன்னும் மாறியிருக்கும் அல்லவா, மறுபடியும் அளக்கவேண்டும். என்ன பேசுவது என்று அவள் தயங்குவது தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து வாய் அசையத் தொடங்கியது. அந்தப் பெண்மணி கருவிகளை என் காதில் வைத்தார், முதலில் வலது, பிறகு இடது. கம்பியோடு சேர்த்து. இரண்டு மூன்று தடவை தட்டினார். மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ நடப்பதுபோல் இருந்தது. பிறகு கதவு திறந்தது.

"...அவன் தட்டுல விரல வெச்சு அமுக்குறான், அதனாலதான் நான் கெம்போங் மீன அவன்கிட்ட வாங்குறதில்ல, இத உங்ககிட்ட நாலு தடவ சொல்லிட்டேன், நீங்கதான் பேப்பர் பாத்துக்கிட்டு உம் உம்ங்குறீங்க."

இப்போது கேட்கிறது என்றேன். அவள் சட்டென்று நிறுத்திவிட்டாள். பேசும்மா, நிறுத்தாதே, அளந்துகொண்டிருக்கிறார் என்றேன். அவள் மீன்காரனின் மச்சானைப் பற்றி ஆரம்பித்தாள். பத்து நிமிடத்துக்கு மேல் பேசினாள். அளவு எப்போதோ முடிந்துவிட்டிருந்தது, அந்தப் பெண்மணி கம்பியைக் கழற்றாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திரும்பும் வழியில் சாப்பிட இறங்கினோம். வாழையிலைச் சாப்பாட்டுக் கடை, மத்தியான நேரம், ஒரே கூட்டம். தட்டு விழும் சத்தம், நாற்காலி இழுக்கும் சத்தம் எல்லாம் நேராக மண்டைக்குள் இறங்கின. தாங்கிக்கொண்டேன். கடையில் அந்தப் பெண்மணியிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"கோயிலையே வைக்கச் சொன்னேன். கூட்டத்துல நீங்க முழிச்சிக்கிட்டு உக்காந்திருக்கறத என்னால பாக்க முடியாதுங்க."

நீ கூட்டத்துக்கு வருவதே இல்லையே என்றேன். வந்து பார்க்கவேண்டுமா என்ன என்று சொல்லிவிட்டு, என் இலையில் இருந்த அப்பளத்தை எடுத்துக்கொண்டாள்.

செப்டம்பர் கூட்டத்தில் செயலாளர் பொறுப்பை ஒப்படைத்தேன். மாலை போட்டார்கள், பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று சொல்லத் தெரியாது, கருவிகள் சட்டைப் பையில் இருந்தன. பக்கத்தில் லாரிக்காரர் உட்கார்ந்து, கைதட்டவேண்டிய இடத்தில் என் முழங்காலைத் தட்டினார். மருமகனின் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பழைய கைப்பேசியில் அந்தச் செயலியின் படம் இன்னும் இருக்கிறது. காலையில் விரல் பழக்கதோஷத்தில் அங்கே போகும். நான்கு வரி வரும். சரி என்று தட்டுவேன். அதற்குள் அடுப்பருகிலிருந்து பேச்சு ஆரம்பித்திருக்கும்.

ஐந்து நட்சத்திரத்தை மூன்றாகக் குறைத்தேன். ஒன்றாகக் குறைக்க மனம் வரவில்லை, ஐந்தரை வருடம் உழைத்த செயலி.

கணக்கை எழுதி முடித்துவிடுகிறேன். கடையில் அமைப்பு மாற்றியதற்கு அறுபது வெள்ளி. அந்தப் பெண்மணி ஐம்பது போதும் என்றார், அறுபதை வைத்துவிட்டு வந்தேன். பெட்ரோல் இருபத்தைந்து. கார் நிறுத்தியதற்கு மூன்று. வாழையிலைச் சாப்பாடு இருவருக்கும் முப்பத்தொன்று ஐம்பது. சிங்கப்பூர் எண்ணுக்கு அழைத்து, கேட்காத இசைக்குக் கொடுத்தது பன்னிரண்டு நாற்பது. ஆக மொத்தம் நூற்று முப்பத்தொரு வெள்ளி தொண்ணூறு காசு.